எங்கே இருக்கும்போது வலிக்கிறது

தலைவலி என்று யார் கடைக்கு வந்தாலும் கண்ணாடிக்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எங்க இருக்கும்போது வலிக்குது?” புத்தகத்தோடு உட்காரும்போதா, டிவி முன்னாலா, வண்டி ஓட்டும்போதா? வந்தவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் இவர் மனசில் பாதி முடிவாகிவிடும். மீதியைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை சொல்லிவிடும். குறையில்லாத கண்ணுக்குக் கண்ணாடி விற்றதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. “கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு. தூக்கம்தான் பத்தல. போய்ப் படுங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியபோது அவருக்கே தலைவலி வந்தது. காலையில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே நெற்றியைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு ஓட்டை ஓட்டையாக இறுக்குவது போல இருக்கும். வயிற்றைப் புரட்டும். காப்பியோடு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடப்பார். ஷட்டரைத் தூக்கி, கண்ணாடி அலமாரிகளைத் துடைத்து, இரண்டு பேருக்குக் கண் பார்ப்பதற்குள் வலி போன இடம் தெரியாது. மாத்திரை என்றால் இதுவல்லவா மாத்திரை என்று மெச்சிக்கொள்வார். மறுநாள் காலை மறுபடியும் பெல்ட்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த மாத்திரைக்கு என்ன கேடோ, வேலையே செய்யாது. ஒன்று போட்டு, அது கேட்காமல் இன்னொன்று போட்டு, நாள் முழுக்கச் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்.

“தினம் தினம் இப்படி முழுங்குறீங்களே, நல்லதுக்கா?” என்பாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள். விடை மட்டும் சரியாக இருந்தால் அவளுக்குப் போதாது, வழியும் சரியாக இருக்க வேண்டும். “எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் இப்படித்தான் பழக்கம் பண்ணி, கடைசியில வயித்துல ரத்தம் கசிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. வலி ஏன் வருதுன்னு பாருங்க முதல்ல.”

“நான் என்ன ஆசைக்கா சாப்பிடறேன், டீச்சர்? வலிக்குது, போடறேன். போகுது.”

“போனா மறுநாள் ஏன் வருது?”

அவளுக்கும் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் மாத்திரை போடுகிற ஜாதி இல்லை. ஒரு துணியை நெற்றியில் இறுக்கக் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்பாள். பிள்ளைகள் போடும் கூச்சலால் வந்த வலி என்பாள். அப்படியானால் பள்ளிக்கூடம் இல்லாத நாளில்தானே குறைய வேண்டும், ஏன் கூடுகிறது என்று அந்தக் கணக்கு டீச்சருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு கூடமும். கூடத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு பால்கனி. குளிர் வருமுன்தான் அந்தப் பால்கனியை அடைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட மகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்று மனைவி சொல்லப்போக, கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சிட்டு என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்காக, அலுமினியச் சட்டம் போட்டு, வெளிப்பக்கத்திலும் கூடத்துப் பக்கத்திலும் நகர்த்துகிற கண்ணாடிக் கதவுகள் வைத்து, இடுக்குகளில் ரப்பர் ஒட்டி, ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் செய்தார். பால்கனிச் சுவரில், குழாயைத் திறந்ததும் தானே பற்றிக்கொண்டு குளியலறைக்கு வெந்நீர் தரும் கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தது.

“சார், இது இப்ப உள்ளாற மாட்டிக்குதே,” என்று தச்சர் தலையைச் சொறிந்தார்.

“மாட்டிக்கட்டும். வெளிய இருந்தப்ப காத்துல சும்மா சும்மா அணைஞ்சு உயிர வாங்கிச்சு. சுத்தி ஒரு அலமாரி மாதிரி செஞ்சு மூடிடுங்க. பாக்கவும் லட்சணமா இருக்கும்.”

தச்சர் செய்துகொடுத்துவிட்டுப் போனார். கேஸ் கசிகிறதா என்று மனைவி குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழி கிளம்பவில்லை. வாசனையும் இல்லை. மேஜையும் விளக்கும் போட்டுச் சிட்டுவைக் குடியேற்றினார்கள். வெயில் அடிக்கும்போது அந்த இடம் மீன் தொட்டி மாதிரி பளபளவென்று இருந்தது.

படிக்க உட்கார்ந்த பெண் புத்தகத்தின் மேல் தூங்க ஆரம்பித்தாள். தலை பாரமாக இருக்கிறது என்றாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்றாள். கண்ணாடிக்காரர் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார். இருந்தும் இல்லாததுமாக ஒரு சின்ன பவர் தட்டுப்பட்டது. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும், “இதுக்கெல்லாம் கண்ணாடி வேண்டாம்மா,” என்று திருப்பி அனுப்பியிருப்பார். சொந்தப் பெண் என்றதும் சிவப்பு ஃபிரேமில் ஒன்றைச் செய்து தாமே மாட்டிவிட்டார்.

“இன்னும் வலிக்குதுப்பா.”

“புதுக் கண்ணாடிடா தங்கம். பழகணும்.”

இப்படி இருக்கையில்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் தோல் பையோடு காத்திருந்து, உள்ளே போய் மூச்சு விடாமல் மருந்துகளின் புகழ் பாடிவிட்டு வருவது வேலை. இந்த ஊருக்கு மாற்றலாகி, வேறு வீடு கிடைக்கும் வரை அக்கா வீட்டில் தங்க வந்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆள் இருந்தால் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாது. பையைக் கவிழ்த்தால் மாத்திரை மழை. சிட்டு அவனுக்கு ‘மாத்திரை மாமா’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

கட்டிலைப் பால்கனியில் போட்டுக்கொடுத்தார்கள். சிட்டுவின் மேஜை கூடத்துக்கு வந்தது. நாலைந்து நாளில் அவளுக்குத் தலைவலி கொஞ்சம் மட்டுப்பட்டது.

“பாத்தியா? கண்ணாடி வேலை செய்யுது,” என்றார் தகப்பனார், மனைவியைப் பார்த்து.

மாத்திரை மாமாவுக்கு வலி தொடங்கியது. அவன் அதையும் வேடிக்கையாக்கினான். காலையில் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து, “அத்தான், நேத்து நான் குடிக்கவே இல்ல. குடிச்சவனுக்கு வர்ற தலைவலி மட்டும் எனக்கு வந்திருக்கு. இது நியாயமா?” என்பான். பைக்குள் கையை விட்டு இரண்டு மாத்திரையை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை அத்தானிடம் நீட்டுவான்.

“இது புதுசு அத்தான். உள்ள போனதும் வலியக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடும்.”

“டேய், அவருக்குக் குடுக்காதே,” என்பாள் அக்கா.

“அக்கா, எதுக்கு வலிய வீட்ல வச்சு வளக்கணும்? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா யாராவது மெடல் குடுக்கப் போறாங்களா?”

“நீ விக்கிறவன். வேற என்ன சொல்லுவ?”

சிரிப்பும் பேச்சுமாகப் போகும். மாத்திரையும் போகும். ஒருநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் சிட்டு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “மாமா, எனக்கும் ஒண்ணு குடுங்க. தலை ரொம்ப வலிக்குது,” என்று கையை நீட்டினாள். மாமா பழக்க தோஷத்தில் பைக்குள் கையை விட்டான். அக்கா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

“பெரியவங்களுக்கு ஆயிரம் கவலை, வலிக்குது. பதிமூணு வயசுப் பொண்ணுக்கு எதுக்குடா தினம் தலை வலிக்கணும்?”

குளியலறையில் பக்கெட் நிரம்பிக்கொண்டிருக்க, பால்கனியில் ஹீட்டர் எரியும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததாக யார் குளிப்பது என்று யாரோ கேட்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆனாலும் அவள் விடவில்லை. அன்று மாலையே கணவரை இழுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் போனாள். முகத்தில் களைப்பும் குரலில் பொறுமையும் உள்ள டாக்டரம்மா. ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்தார். எத்தனை நாளாக மாத்திரை போடுகிறார் என்று கேட்டதும், கண்ணாடிக்காரர் பள்ளிக்கூடப் பையன் போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“அநேகமா தினமும்,” என்றாள் அவள்.

“அப்ப வலியக் கொண்டு வர்றதே அந்த மாத்திரையா இருக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. “எப்பவாவது ஒண்ணு போட்டா தப்பில்ல. தினம் போட்டா மூளை அதுக்குப் பழகிடும். மருந்தோட வேகம் இறங்க இறங்க, இன்னும் வேணும்னு வலியக் கிளப்பும். நிறுத்திப் பாருங்க. முதல் சில நாள் கஷ்டமா இருக்கும், தாங்கிக்கணும். அப்புறமும் வலி இருந்தா வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

“எனக்கும் கொஞ்சம் வலிக்கும். அது ஸ்கூல் தொல்லை,” என்றாள் மனைவி. 

“பொண்ணுக்குக் கண்ணாடி போட்டாச்சு,” என்றார் அவர்.

வெளியே இன்னும் நிறையப் பேர் இருமிக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு மணியை அடித்தார்.

மாத்திரையை நிறுத்தினார். நரகம் என்றால் அதுதான். கடையில்கூட வலி விடவில்லை. ஃபிரேமின் பொடி ஆணி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுந்தார். மச்சினன் ரகசியமாக, “ஒரே ஒண்ணு அத்தான், அக்காவுக்குத் தெரிய வேண்டாம்,” என்று நீட்டினான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், பாதி வழியில் சாக்கடையில் எறிந்தார். வைராக்கியம் என்று சொல்ல முடியாது. இது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்.

ஒரு வாரம் போனதும், கடையிலிருந்த வலி கழன்றுகொண்டது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெல்ட் இறுக்கமாக இருக்கும். தெருவில் நடக்க நடக்கத் தளரும். கடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும், மாத்திரை இல்லாமலே. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டரம்மா கெட்டிக்காரி என்று மனைவியிடம் சொன்னார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் நெற்றிக்குள் மறுபடியும் ஏதோ முறுக்கிக்கொண்டது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை. காலையில் முழுங்கியதுதான் வலியைத் துரத்தியது என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது துரத்த யாரும் இல்லை. ஆனாலும் வலி கடை வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு போல நின்றுவிடுகிறது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. குளிர் கடுமையாக இருந்தது. வீட்டில் மனைவி எல்லோருடைய கம்பளிகளையும் குவித்துப் போட்டிருந்தாள், வெந்நீரில் அலசப் போவதாக. மச்சினன் வேலைக்குக் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை என்பதைக் கண்ணாடிக்காரர் செருப்பு மாட்டும்போது கவனித்தார். ஆனால் நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

கடையில் முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார். கொஞ்ச நாளாகத் தலைவலி என்றார். கண்ணாடிக்காரர் நாற்காலியைக் காட்டி, சோதனை ஃபிரேமை எடுத்துத் துடைத்துக்கொண்டே, வழக்கம் போல, “எங்க இருக்கும்போது வலிக்குது?” என்றார்.

பெரியவர் யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார். பேப்பர் படிக்கும்போதோ என்னவோ. கண்ணாடிக்காரர் காதில் அது ஏறவில்லை. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை பேரைக் கேட்ட கேள்வியை யாரோ முதல்முறையாக அவரைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது.

வீட்டில். வீட்டில் இருக்கும்போது.

எனக்கு மட்டுமா? அவளுக்கும். சிட்டுவுக்கும். வந்த ஒரு வாரத்தில் மச்சினனுக்கும். பால்கனியில் உட்கார்ந்தவரை சிட்டுவுக்கு. பால்கனியில் படுத்ததிலிருந்து அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும். ஒரே வீட்டில் நாலு பேருக்கும் ஒன்றாகவா கண் கெட்டுப்போகும், கவலை வரும்?

வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தார். எடுத்தது சிட்டு.

“ப்பா…”

“அம்மா எங்கடா?”

“அம்மா தூங்குறாங்க.”

மனைவி பகலில் தூங்கி அவர் பார்த்ததில்லை. “எங்க தூங்குறாங்க?”

“கீழ. சோபாகிட்ட.” சிட்டுவின் குரல் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறியது. 

“மாமா?”

“மாமாவும் தூங்குறாங்க. எல்லாரும் தூங்குறாங்க. எனக்கும் தூக்கம் வருதுப்பா.”

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கெட் நிரம்பி வழிந்து தரையில் ஓடும் சத்தம்.

“சிட்டு, அப்பா சொல்றதக் கேளு. தூங்கக் கூடாது. எந்திரி. வாசக் கதவத் திற. திறந்துட்டு வெளிய போ.”

“அம்மாவ எழுப்பட்டா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அந்த நொடியைப் பிறகு அவர் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததுண்டு. “வேண்டாம். நீ போ. எதிர்வீட்டு அம்மா கதவத் தட்டு. போடா கண்ணு, போ!”

போன் கீழே விழும் சத்தம் கேட்டது. அதன்பின் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பெரியவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். உடம்புக்கு ஓடிப் பழக்கமில்லை. காய்கறி வண்டியில் இடித்துக்கொண்டார். யாரோ திட்டினார்கள். தெருவில் எல்லாம் வழக்கம் போல நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக் கட்டடமும் வழக்கம் போலவே நின்றது. புகை இல்லை, கூட்டம் இல்லை. மூன்றாவது மாடியில் அவர் ஆசையாகப் போட்ட கண்ணாடி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

சிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் அவள் முதுகைப் பிடித்திருந்தாள். “என்னாச்சு சார், எலி மருந்து ஏதாவது…” என்று ஆரம்பித்தவளிடம், “ஆம்புலன்ஸுக்கு அடிங்க!” என்று கத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

வாசனை எதுவும் இல்லை. சோப்பு மணமும் ஈரக் கம்பளி மணமும்தான். கூடத்துத் தரையில் வெந்நீர் பரவியிருந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் மனைவி ஒருக்களித்துக் கிடந்தாள், கன்னத்துக்குக் கீழே கையை வைத்தபடி, நிஜமாகவே தூங்குகிறவள் போல. அவளுக்கு அப்பால் பால்கனிக் கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கட்டிலில் மச்சினனின் கால்கள் தெரிந்தன.

யாரை முதலில்? யோசிக்க நேரமில்லை. கை தானாக மனைவியின் தோள்களைப் பிடித்தது. வாசல் வரை இழுத்துப் போட்டார். திரும்பி வந்து குளியலறைக் குழாயை மூடினார். ஹீட்டர் அணைந்தது. பால்கனிக் கதவைத் தள்ளினால் நகராமல் இறுகிக்கொண்டது. அவர் ஒட்டச் சொன்ன ரப்பர். முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளித் திறந்து, ஸ்டூலைத் தூக்கி வெளிப்பக்கக் கண்ணாடியில் அடித்தார். இரண்டாவது அடியில் உடைந்தது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. மச்சினன் கனத்த உடம்பு. கட்டிலோடு சேர்த்து நகர்த்தி, கீழே உருட்டி, கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார். பாதிக் கூடத்தில் அவருக்கே முழங்கால் மடிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது நிலைப்படியில் மச்சினனின் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிடியை விடுவிக்க அவர்கள் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த இளம் டாக்டர் வந்து சொன்னார். “கார்பன் மோனாக்சைடு. கேஸ் கசிஞ்சா வாசனை வரும், தெரிஞ்சுடும். இது கசிவு இல்ல. எரியறதுக்குக் காத்து பத்தாம, அரைகுறையா எரிஞ்சா வர்றது. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. முதல்ல தலைவலிதான் குடுக்கும். கொஞ்ச நாளா உங்களுக்குத் தலைவலி இருந்திருக்கணுமே?”

“இருந்தது.”

“என்ன பண்ணினீங்க?”

கண்ணாடிக்காரர் மூக்கின் மேலிருந்த மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். டாக்டரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சிட்டு மறுநாளே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். மனைவிக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. நினைவு வந்ததும் அவள் கேட்டது தம்பியைத்தான். “நான்தாங்க குடுத்தேன்,” என்றாள். “தலை பிளக்குதுக்கான்னு அழுதான். நானே அவன் பையில இருந்து ரெண்டு மாத்திரைய எடுத்துக் குடுத்து, கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குடா, சரியாயிடும்னு சொன்னேன். நான் போய் அப்படிச் சொன்னேன் பாருங்க.”

“நீ குடுக்காட்டியும் அவனே போட்டிருப்பான்மா.”

“கதவச் சாத்தினது நான்.”

யாரை முதலில் வெளியே இழுத்தார், யாரைக் கடைசியில் இழுத்தார் என்று அவள் அவரைக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வாயிலாக அவளுக்குத் தெரியாமலும் இருக்காது. கேட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மச்சினன் கண் விழித்தான். விழித்ததும் நர்ஸைப் பார்த்து, “சிஸ்டர், இந்த ஆஸ்பத்திரிக்கு எங்க கம்பெனி மருந்து வாங்குறதில்ல போலிருக்கே,” என்றான். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். நடக்கத் தொடங்கி, வீட்டுக்கு வந்து, வேலைக்கும் போக ஆரம்பித்தான். உடைந்த கண்ணாடியை மட்டுமல்ல, சட்டத்தையும் சேர்த்துக் கழற்றி எறிந்து பால்கனியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெந்நீருக்குக் கரண்ட் ஹீட்டர் வந்தது. பெரிய கண்டம் தப்பியது என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள். இளம் டாக்டர் மட்டும் அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். “சில பேருக்கு நல்லா ஆன மாதிரி ஆகி, சில வாரம் கழிச்சு மறுபடி ஏதாவது காட்டும். கவனமாப் பாத்துக்குங்க.”

அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. முதலில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, தினம் ஒப்பிக்கும் மருந்தின் பெயர் வாயில் வராமல் திகைத்தான். அதைச் சொல்லிச் சிரித்தான். பிறகு சட்டைப் பொத்தானைப் போட வெகு நேரம் எடுத்தான். நடை சின்னச் சின்ன அடியாகச் சுருங்கியது. ஒருநாள், தெரிந்த தெருவிலேயே பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருந்தவனை யாரோ கடைக்குக் கூட்டிவந்து விட்டார்கள். “அத்தான், வழி நகந்து போச்சு,” என்றான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் சில இடங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைப் படத்தில் காட்டினார்கள். நாளாக நாளாக ஓரளவு தேறலாம், தேறாமலும் இருக்கலாம், இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார்கள்.

வேலை போயிற்று. அக்கா வீட்டிலேயே இருந்தான். பகலில் கண்ணாடிக்காரர் அவனைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். சில நாள் பழைய ஆள் எட்டிப் பார்ப்பான், வாடிக்கையாளரைக் கேலி செய்து சிரிக்க வைப்பான். சில நாள் எதிரிலுள்ள நிலைக்கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்தபடியே இருப்பான்.

அடுத்த குளிர்காலம் வந்தது. ஒரு சாயங்காலம், எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். சிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னான்.

“அக்கா, தலை வலிக்குது.”

பேனாக்கள் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சிட்டு எழுந்து ஓடிப்போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மனைவி சமையலறைக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கண்ணாடிக்காரர் மூச்சை இழுத்து இழுத்துத் தம் தலைக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்தார். வலிக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“மாத்திரை ஒண்ணு குடுக்கலாமா?” என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமல்.

சாதாரணத் தலைவலிதான். ஊரில் யாருக்குத்தான் வருவதில்லை? ஒரு மாத்திரை போட்டால் போய்விடும். எத்தனையோ வீட்டில் இந்நேரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் எழுந்து அவனுடைய ஸ்வெட்டரை எடுத்தார்.

“கீழ போயிடலாம் முதல்ல,” என்றார்.

அவனுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து, நாலு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் அவர்களை விலக்கிக்கொண்டு போனார்கள். குளிர் முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

“இப்ப எப்படிடா இருக்கு?” என்றாள் அக்கா.

“எது?”

“தலைவலிடா.”

அவன் கையைத் தூக்கி மெதுவாக நெற்றியில் வைத்தான். எங்கோ வைத்ததைத் தேடுவது போல விரல்கள் அங்கும் இங்கும் நகர்ந்தன.

“வலிச்சுதா?” என்றான்.

வலி போய்விட்டதா, அதை மறந்துவிட்டானா என்று சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை. மனைவி அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே அவர்கள் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடக்க, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.